ஆனி மழையில் கிராபி: ஒரு விடுதி, கொஞ்சம் படகு, ஒரு தெருமுனை டூர் கடை

சிவகாசியில் காலண்டர் தொழிலில் இருப்பவனுக்கு ஊர் சுற்றக் கிடைக்கும் மாதங்கள் வைகாசியும் ஆனியும்தான். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியே வந்துவிட்டால் அப்புறம் மார்கழி வரை அச்சகத்தை விட்டு நகர முடியாது. ஊரே டிசம்பரில் தாய்லாந்து போகும்போது நான் லாரி ஆபீசுக்கும் பைண்டிங்குக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பேன். அதனால் தென் தாய்லாந்தில் இருக்கும் கிராபிக்கு நாங்கள் போனது ஜூன் மாதத்தில், தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பிடித்த பிறகு. நான், மனைவி, அத்தை. அத்தை என்றால் மனைவியின் அம்மா. எழுபதை நெருங்குகிறவர், சுத்த சைவம்.

கிளம்பும் முன் படித்ததெல்லாம் இரண்டு வகையில் அடங்கிவிட்டது. 'ஆஃப் சீசனில் எல்லாம் பாதி விலை, உடனே கிளம்புங்கள்' என்பது ஒன்று. 'மழையில் போனால் காசு தண்டம்' என்பது இன்னொன்று. படகு ஓடாத நாளில் விடுதிக்காரர் எப்படி நடந்துகொள்வார், டூர் கடைக்காரர் என்ன சொல்வார் என்று ஒருவரும் எழுதவில்லை. மழைக்காலப் பயணத்தில் நாம் காசு கொடுத்து வாங்குவதே அதைத்தான். கடைகளின் பெயரை நான் போடவில்லை. சீசனுக்குச் சீசன் ஆள் மாறும் ஊர் அது. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் எந்தக் கடையிலும் கேட்கலாம்.

முதலில் மழையைப் பற்றி. தென் தாய்லாந்து ஒல்லியான நிலம், இரண்டு பக்கமும் கடல். மேற்கே அந்தமான் கடல்: புக்கெட், கிராபி, பீ பீ தீவுகள் எல்லாம் அந்தப் பக்கம். கிழக்கே தாய்லாந்து வளைகுடா: கோ சமுய், கோ பங்கான், கோ தாவ். நடுவில் மலைத்தொடர். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று மேற்குக் கரையை நனைக்கும். அந்த மாதங்களில் சமுய் பக்கம் மழை குறைவு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று. அப்போது சமுய் நனையும். கேரளாவில் கொட்டும்போது நம் பக்கம் காய்வதும், ஐப்பசியில் நம் முறை வருவதும் எந்தக் கணக்கோ அதே கணக்குதான் அங்கேயும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை யாரும் வரைபடம் போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கேயே மேற்குக் கரையில் கொஞ்சம் வடக்கே ரனோங் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. 'மழை எட்டு மாதம், வெயில் நான்கு மாதம்' என்று அந்த ஊரைச் சொல்வார்கள். ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் இடம்.

ஆகவே ஜூன், ஜூலையில் வெயிலும் கடல் குளியலும்தான் வேண்டும் என்பவர்கள் சமுய் பக்கம் போவது புத்திசாலித்தனம். ஒரு இடைஞ்சல், விமானக் கட்டணம். சமுய் விமான நிலையம் பாங்காக் ஏர்வேஸுக்குச் சொந்தம். கட்டணம் அதற்கேற்ப இருக்கும். தீவுக்கு எதிரே நிலப்பக்கம் இருக்கும் சூரத் தானி வரை விமானத்தில் போய், அங்கிருந்து பஸ், படகு என்று மாறினால் செலவு குறையும், நேரம் போகும். நாங்கள் கிராபியைப் பிடித்ததற்கு வேறு காரணம். பட்டாசும் தீப்பெட்டியும் எங்கள் ஊரில் வேரூன்றியதே மழை இல்லாத ஊர் என்பதால்தான். எங்களுக்கு மழையே ஒரு சுற்றுலாப் பொருள். ஆனி, ஆடியில் சாரல் பார்க்கக் குற்றாலத்துக்கு வண்டி கட்டுகிற சனம் நாம். 'அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை' என்று போலீஸ் கயிறு கட்டினால் ஒரு டீயைக் குடித்துவிட்டு ஐந்தருவிப் பக்கம் திரும்புவோம், அங்கேயும் தடை என்றால் பழக்கடையில் நிற்போம். அந்த மனசு இருந்தால் ஜூனில் கிராபி போகலாம். இல்லாதவர்கள் ஜனவரியில் போங்கள்.

சரி, ஏஜென்ட் கதை. மதுரையில் ஒருவரிடம் திட்டம் கேட்டேன். வண்ணத்தில் அச்சிட்ட தாள் கொடுத்தார் (அச்சு நன்றாக இல்லை, மெஜந்தா தூக்கலாக இருந்தது). அதில் சிமிலன் தீவுகளுக்கு ஒரு முழுநாள் படகுப் பயணம். சிமிலன் தேசியப் பூங்கா ஒவ்வோர் ஆண்டும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியிருக்கும். கடல் கொந்தளிப்பு ஒரு காரணம், பவளப்பாறைகளுக்கு ஓய்வு இன்னொரு காரணம். ஜூன் பயணத்தில் அது எப்படி வந்தது என்று கேட்டேன்.

"சார், அதெல்லாம் அங்க நம்ம ஆளு பாத்துப்பாரு."

"மூடியிருக்கிற தீவை உங்க ஆளு எப்படிப் பாத்துப்பாரு?"

வேறு தீவு மாற்றித் தருவதாகச் சொன்னார். படகே ஓடாவிட்டால் பணம் திரும்புமா என்று கேட்டேன். திரும்பாது, ஆனால் 'அட்ஜஸ்ட்' பண்ணித் தருவாராம். டிசம்பரில் விற்கும் அதே தாளில் தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். சிமிலன் மாதிரியே தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று மாயா பே. பீ பீ லே தீவில் இருக்கும் அந்தக் குடா, கூட்டம் தாங்காமல் 2018-ல் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது. இப்போது ஆண்டுதோறும் ஆகஸ்டும் செப்டம்பரும் மூடி வைக்கிறார்கள். உங்கள் தேதியில் எது மூடியிருக்கிறது என்று ஏஜென்டிடம் கேளுங்கள். பதில் உடனே வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

கடைசியில் நானே போட்டேன். சென்னையிலிருந்து பாங்காக் நேரடி விமானம், அங்கிருந்து கிராபிக்கு உள்நாட்டு விமானம். பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள்: சுவர்ணபூமி, டான் மியாங். கிராபிக்கு இரண்டிலிருந்தும் போகலாம். தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் வந்து இறங்குவதும் ஏறுவதும் ஒரே நிலையமாக இருக்கட்டும். மழை நாளில் பாங்காக் சாலையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதெல்லாம் வேண்டாத வேலை. திரும்பும்போது கிராபி விமானத்துக்கும் சென்னை விமானத்துக்கும் நடுவில் ஒரு ராத்திரி பாங்காக்கில் தங்கும்படி வைத்தேன். அத்தையோடு போகிறோம் என்றாலும் இது ரொம்பத் தாராளமான ஏற்பாடு என்று மனைவி முதலில் சலித்துக்கொண்டாள். கிராபி விமானம் மழையால் மூன்று மணி நேரம் தாமதமானபோது ஒன்றும் சொல்லவில்லை.

விசா பற்றி: 2024 ஜூலையிலிருந்து இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று அறிவித்தார்கள். இந்த விதி மாறிக்கொண்டே இருப்பது, டிக்கெட் போடும் அன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2025 மே மாதத்திலிருந்து வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும். இறங்கும் முன் மூன்று நாளுக்குள் நிரப்புவது, கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல.

விடுதி. ஆவோ நாங் கடற்கரையிலிருந்து உள்ளே போகும் தெருவில், மூன்று மாடி, சின்ன நீச்சல் குளம். டிசம்பருக்கு 3500 பாட் என்று காட்டிய அறை ஜூனுக்கு 1200 பாட். ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கு மேல். முதல்நாள் வரை இலவசமாக ரத்து செய்யலாம் என்ற விலை அது. ரத்து செய்ய முடியாத விலை இன்னும் 150 பாட் குறைவு. மழைக்காலத்தில் அந்த 150 பாட்டை மிச்சம் பிடிக்காதீர்கள். எங்கள் திட்டம் நடுவில் மாறியது, இரண்டு ராத்திரியை விட்டுக்கொடுத்தோம், ஒரு பைசா போகவில்லை.

குறைகளும் உண்டு. போய்ச் சேர்ந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு பக்கத்து அறைச் சுவரில் டிரில்லிங் மெஷின் கத்தியது. ஆள் வராத மாதங்களில்தான் விடுதிகள் டைல்ஸ் மாற்றுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் செய்கின்றன. யோசித்தால் நியாயம்தான், நாங்களும் மிஷினை ஓவர்ஹால் பண்ணுவது ஆனியில்தானே. ஆனால் பதிவு செய்யும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டும். வரவேற்பில் இருந்த பையனிடம் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் எதிர்ப்பக்க அறை கொடுத்தான், கூடுதல் காசு கேட்கவில்லை. பாதி விடுதி காலி என்பதன் லாபம் அது. பதிவு செய்யும் முன் 'கட்டட வேலை நடக்கிறதா' என்று எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஈரம். எல்லா அறையிலும் கொஞ்சம் பூஞ்சை வாடை. குளித்த துண்டு மறுநாளும் காயாது. துவைத்துப் போட்ட சட்டை மின்விசிறியடியில் மூன்றாம் நாள் வரை பிசுபிசுத்தது. ஏசியில் ஈரம் உறிஞ்சும் முறை ஒன்று இருக்கும், ரிமோட்டில் நீர்த்துளிப் படம். அதைப் போட்டதும் நிலைமை தேவலை. தாள் ஈரம் குடித்தால் என்ன ஆகும் என்பது என் தொழில். ஓரம் அலை அலையாக நெளியும், நாலு கலரும் ஒன்றன் மேல் ஒன்று உட்காராது. அதனால் பாஸ்போர்ட், டிக்கெட், ரூபாய் நோட்டு எல்லாவற்றையும் ஜிப் கவரில் போட்டு, அச்சகத்திலிருந்து கொண்டுபோன சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே வைத்திருந்தேன். மனைவி சிரித்தாள். தெருக்கோடியில் எடைக்கு எடை துவைத்து, டிரையரில் உலர்த்தித் தரும் கடை இருந்தது. டிரையர் இருக்கிறதா என்று கேட்டுத்தான் துணியைக் கொடுக்க வேண்டும். கொடியில் காயப்போடுகிற கடை என்றால் ஊருக்குத் திரும்பும் நாள் வரை துணி வராது.

இனி நான் இவ்வளவு எழுதக் காரணமான கடை. விடுதியிலிருந்து கடற்கரைக்குப் போகும் தெருமுனையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பின்னால் தீவுப் படங்கள் ஒட்டிய பலகை. ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா நடத்துகிறார். அந்தத் தெருவில் அதே மாதிரிப் பத்துக் கடை இருக்கும், பலகையும் ஒரே பலகைதான். பீ பீ தீவுக்கு மறுநாள் போக வேண்டும் என்று கேட்டேன். விலை சொல்லுவார் என்று பார்த்தால் போனை எடுத்துத் தாய்லாந்து வானிலைத் துறையின் பக்கத்தைத் திறந்தார். அந்தமான் கடலில் அலை 2 முதல் 3 மீட்டர், சின்னப் படகுகள் கரையிலேயே இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. பிறகு அத்தையைப் பார்த்தார்.

"நாளைக்கு வேண்டாம். நாளன்னைக்கும் சந்தேகம். அதுக்கு அடுத்த நாள் காலையில ஏழு மணிக்கு வாங்க, பாத்துச் சொல்றேன்."

அட்வான்ஸ் கொடுக்கிறேன் என்றேன். வாங்கவில்லை. அவருடைய இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஏறக்குறைய ஒரே தரம், அதனால் பேச்சு நன்றாக ஓடியது.

இரண்டு கடை தள்ளி இன்னொருவர் மறுநாளைக்கே ஸ்பீட்போட் டிக்கெட் தரத் தயாராக இருந்தார், 'மழை பெய்தாலும் ஓடும்' என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆள் வராத மாதத்தில் அவருக்கும் வாடகை இருக்கிறது. ஆனால் மழை வேறு, காற்று வேறு. மழை பெய்துகொண்டே கடல் அமைதியாக இருக்கும். வெயில் அடித்துக்கொண்டே அலை ஆளுயரம் எழும்பும். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் பக்கத்தில் புயலில் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி 47 பேர் இறந்தார்கள். அதே பருவம், அதே கடல். மறுநாள் காலை நாங்கள் கடற்கரைக்குப் போனபோது சிவப்புக் கொடி பறந்தது, மரப்படகுகள் எல்லாம் மேலே ஏற்றிக் கட்டியிருந்தன. மழைத்துளி ஒன்றுகூட இல்லை.

அந்த நாளை அந்த அம்மா வேறு மாதிரி நிரப்பிக் கொடுத்தார். கிளாங் தோம் பக்கம் காட்டுக்குள் ஒரு வெந்நீர் ஓடை பாறை மேல் வழிந்து, தொட்டி தொட்டியாக இறங்கி ஆற்றில் விழுகிறது. ஒவ்வொரு தொட்டியிலும் ஆள் உட்காரலாம். வெயில் காலத்தில் அதில் உட்காருவது தண்டனை என்று நினைக்கிறேன். நாங்கள் உட்கார்ந்தபோது மேலே மழை ஜில்லென்று கொட்ட, கழுத்துக்குக் கீழே இளஞ்சூடு. அத்தையின் முழங்கால் வலிக்கு ஊரில் செய்த செலவையெல்லாம் அங்கே உட்கார்ந்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பயணத்தில் அவர் எழுந்திருக்க மறுத்த ஒரே இடம் அதுதான். பக்கத்திலேயே மரகதக் குளம் என்று ஒரு இடம், படங்களில் பச்சைப் பசேலென்று இருக்கும். இரவெல்லாம் பெய்த மழையில் கலங்கிப் போயிருந்தது. "அது இன்னிக்கு நல்லா இருக்காது, ஆனா வழியிலதான் இருக்கு, எட்டிப் பாத்துட்டு வாங்க" என்று அந்த அம்மா முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ஏமாற்றம் இல்லை.

ரைலே கடற்கரை விஷயத்திலும் அவர் சொன்னதுதான் வேலைக்கு ஆனது. ரைலே நிலத்தோடு ஒட்டிய இடம்தான், ஆனால் சுண்ணாம்புப் பாறைகள் மறித்து நிற்பதால் படகில்தான் போக முடியும். ஆவோ நாங் கரையில் டிக்கெட் கூண்டு இருக்கிறது, பகலில் ஆளுக்கு 100 பாட், எட்டுப் பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். சீசனில் எட்டுப் பேர் இரண்டு நிமிடத்தில் சேர்வார்கள். ஜூனில் நாங்கள் மூன்று பேரும் ஒரு ஜெர்மன் ஜோடியும் முக்கால் மணி நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அப்புறம் அலை கூடிவிட்டது என்று கூண்டையே மூடிவிட்டார்கள். கடைக்குத் திரும்பி வந்தோம். "ஆவோ நாம் மாவ் போங்க" என்று ஒரு வண்டி பிடித்துக் கொடுத்தார். அது ரைலேயின் கிழக்குப் பக்கம் பார்த்த துறை, பாறைகளின் மறைவில் இருப்பதால் அலை அடங்கியிருக்கும். அங்கிருந்து கிழக்கு ரைலே கொஞ்ச தூரம்தான். இறங்கும் பக்கம் சேறும் அலையாத்தி மரங்களும். மேற்குப் பக்க மணலுக்கு நடந்தே போய்விடலாம்.

இதில் காலண்டர்காரனுக்கு ஒரு சௌகரியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். வற்றத்தில் இறங்கினால் அத்தையைச் சேற்றில் நடக்க வைக்க வேண்டும். அட்டவணையை விடுதியில் கேட்டுவிட்டு ஏற்றம் வரும் நேரமாகப் பார்த்துப் போனோம். நல்ல மழை. பாறை முகட்டிலிருந்து அங்கங்கே தற்காலிக அருவிகள் ஒழுகின. குரங்குகள் கடை ஓட்டின்கீழ் ஒதுங்கி நின்றன, நாங்களும் அதே ஓட்டின்கீழ். ஒன்று அத்தை கையிலிருந்த ரம்புத்தானைப் பறித்துக்கொண்டு போனது.

கடற்கரை பற்றி ஒரு எச்சரிக்கை சேர்த்துவிடுகிறேன். இந்த மாதங்களில் கொட்டும் சொறி மீன்கள் (ஜெல்லி மீன்கள்) கரைக்கு வரும். தாய்லாந்தில் பல கடற்கரைகளில் ஒரு கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள், கொட்டிய இடத்தில் உடனே ஊற்றுவதற்கு. அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு காலை நனையுங்கள்.

பீ பீ தீவுக்கும் ஒருவழியாகப் போனோம். சொன்ன நாளில் ஏழு மணிக்குக் கடை முன் நின்றோம். போனைப் பார்த்தார், தலையாட்டினார், "ஸ்பீட்போட் வேண்டாம், பெரிய படகு" என்று கிராபி டவுன் துறையிலிருந்து கிளம்பும் ஃபெரிக்கு டிக்கெட் கொடுத்தார். இதில் அவருக்குக் கமிஷன் குறைவு என்பது பலகையில் இருந்த விலையிலேயே தெரிந்தது. தீவைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கூட்டம் குறைவாக இருந்தும் பாட்டுச் சத்தம் குறையவில்லை, கடைகள் எல்லாம் ஒரே பனியன்களை விற்றன. மாயா பே போகவில்லை; அங்கே இப்போது நீந்தவும் விடுவதில்லை, முழங்கால் தண்ணீரோடு சரி. என்னைக் கேட்டால் பீ பீயை விட்டுவிட்டு அந்த நாளையும் வெந்நீர் ஓடைக்குக் கொடுத்திருக்கலாம். மனைவி இதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

காவ் சோக் பயணத்தையும் அதே கடையில்தான் எடுத்தோம். காவ் சோக் 1980-ல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா, மழைக்காடு. அதற்குள் ரட்சப்ரபா அணை கட்டியதால் உண்டான ஏரி, சியாவ் லான். தண்ணீருக்குள்ளிருந்து சுண்ணாம்பு மலைகள் நேராக எழுந்து நிற்கும். ஏரி மேல் மிதக்கும் மூங்கில், பலகைக் குடில்களில் ஒரு ராத்திரி. மழைக் கோட்டு கொடுத்துத்தான் படகில் ஏற்றினார்கள், உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருவரையும் உட்கார விடவில்லை. குடில் ரொம்பச் சாதாரணம். தரையில் மெத்தை, கொசுவலை, பொதுக் கழிப்பறைக்குப் பலகைப் பாலத்தில் நடக்க வேண்டும், ஜெனரேட்டர் ராத்திரி கொஞ்ச நேரம்தான். வயசானவர்களை அழைத்துப்போகிறவர்கள் தனிக் கழிப்பறை உள்ள குடில் வேண்டும் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு 'பக்கத்தில்தான்' என்றார்கள். நனைந்த பலகையில் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு நடந்த அத்தைக்கு அது பக்கமாகத் தெரியவில்லை. இந்த இடத்தில் மட்டும் அந்த அம்மாவின் கடைக்கு மதிப்பெண் குறைக்கிறேன்.

ஆனால் குகை விஷயத்தில் வழிகாட்டி நடந்துகொண்ட விதம் சரி. அங்கே நாம் தாலு என்று ஒரு குகை இருக்கிறது, உள்ளே ஓடை ஓடும், இடுப்பளவு, சில இடங்களில் அதற்கும் மேல் தண்ணீரில் நடந்து போக வேண்டும். 2007-ல் திடீர் வெள்ளம் புகுந்து சுற்றுலா வந்தவர்கள் உயிரிழந்த இடம். எங்கள் கூட்டத்தில் ஒரு இளைஞர் அதற்குத்தான் வந்தேன் என்று அடம்பிடித்தார். மழைக்காலத்தில் கிடையாது என்று ஒரே வார்த்தை. அவர் கூடுதல் காசு தருகிறேன் என்றபோது வழிகாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேட்டில் இருக்கும் உலர்ந்த குகைக்கு அழைத்துப் போனார். போகும் வழியெல்லாம் ரத்தம் உறிஞ்சும் அட்டை. முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை அங்கேயே விற்கிறார்கள், வாங்கிவிடுங்கள்.

சாப்பாடு. சைவக்காரர்களுக்குத் தாய்லாந்து கஷ்டம் என்பது பாதி உண்மை. எல்லாவற்றிலும் மீன் சாறு விழும், காய்கறிப் பொரியலில்கூட. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட 'ஜே' கடைகள்தான் சுத்த சைவம். முட்டை இல்லை, பால் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. ஆவோ நாங்கில் பல உணவகங்கள் ஜூனில் பூட்டியிருந்தன, இருந்தவற்றில் இந்திய ஓட்டல்கள் விலை கூடுதல், ருசி குறைவு. அத்தை பெரும்பாலும் பழமும் தயிரும் கொண்டுபோன பருப்புப் பொடியுமாக ஓட்டினார். பழம் என்றால் அந்த மாதங்களில்தான்: மங்குஸ்தான், ரம்புத்தான், டுரியான் எல்லாம் ஒரே நேரத்தில் குவியும். குற்றாலத்தில் விலை கேட்டுவிட்டு நகர்கிற மங்குஸ்தானை அங்கே கிலோக் கணக்கில் தின்றோம். டுரியானை விடுதிக்குள் கொண்டுவரக் கூடாது, வாசலிலேயே படம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். தெருவில் ரொட்டி போடும் முஸ்லிம் கடைக்காரரின் கைவீச்சு நம் பரோட்டா மாஸ்டர்களின் கைவீச்சேதான், ஆனால் உள்ளே வாழைப்பழத்தை வைத்து மேலே கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றிவிடுகிறார். விருதுநகர் மாவட்டத்துக்காரன் இதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் இருப்பது மரியாதை.

டூர் கடைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்காமல் என்னால் வர முடியவில்லை. நம் 2025 அவர்களுக்கு 2568, புத்த ஆண்டு. பிறைக் கணக்கில் வரும் புத்த வழிபாட்டு நாட்களுக்குப் புத்தர் படம், மாதத்தில் 1, 16 தேதிகளில் அரசு லாட்டரி குலுக்கல். ஏறக்குறைய நம் நாள்காட்டியின் மூளைதான். தாள் நல்ல கனம், அந்த ஈரத்திலும் நெளியவில்லை. கோட்டிங் என்ன என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததை அந்த அம்மா வேடிக்கையாகப் பார்த்தார். சிவகாசியில் காலண்டர் அடிக்கிறவன் என்று போனில் படம் காட்டி விளக்கியதும் பழைய மாதத் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: விடுதிக்கு ஐந்தில் மூன்று. டிரில்லிங் சத்தத்தைச் சொல்லாமல் மறைத்ததற்கு ஒன்று, வாடைக்கு ஒன்று கழிவு. ஏரிக் குடிலுக்கு இரண்டரை. நல்ல முழங்கால் உள்ளவர்கள் மூன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். டூர் கடைக்கு நாலரை. 'வேண்டாம்' என்று சொன்ன இரண்டு நாளில் அவருக்கு எங்களிடமிருந்து வந்திருக்க வேண்டிய வியாபாரம் போனது. மழை மாதத்தில் கிராபி போகிறவர்கள் எந்தக் கடையிலும் முதலில் மறுநாளைக்குத் தீவுப் பயணம் கேளுங்கள். விலைக்கு முன்னால் வானிலையைப் பார்க்கிறாரா, படகு ஓடாவிட்டால் பணம் கையில் திரும்புமா, அல்லது 'வேறு நாள் போகலாம்' என்ற சீட்டுதான் கிடைக்குமா என்று பாருங்கள். ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கியவனுக்கு அந்தச் சீட்டு வெறும் தாள்.

கடையில் கார்டு வாங்க மாட்டார்கள், ரொக்கம்தான். அங்குள்ள ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடிப்பார்கள், எடுப்பதை ஒரேயடியாக எடுங்கள். நோட்டுக்கும் ஒரு ஜிப் கவர் மறக்க வேண்டாம்.